நாமினி மாமியார், பத்திரம் கணவர் பெயரில்: மனைவிக்கு என்ன பங்கு?

கேள்வி: எனக்கு வயது 36. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் வசிக்கிறேன். தனியார் நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருந்த என் கணவர் ஏழு மாதங்களுக்கு முன் மாரடைப்பால் இறந்துவிட்டார். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 7 வயது. கணவர் 2015இல் தம் பெயரில் மனை வாங்கி, வங்கிக் கடனில் வீடு கட்டினார். அதில்தான் நாங்களும் மாமியாரும் இருக்கிறோம். மாமனார் 1998இல் காலமானார். அவர் தம் சம்பாத்தியத்தில் வாங்கிய 3 ஏக்கர் புஞ்சை இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. கணவருக்கு ஒரு தம்பியும் ஒரு தங்கையும் உண்டு. ஆயுள் காப்பீட்டிலும் வங்கிக் கணக்கிலும் திருமணத்துக்கு முன்பே மாமியாரை நாமினியாகப் போட்டிருந்தார். “நாமினி அம்மாதான், அண்ணன் எல்லாவற்றையும் அம்மாவுக்கே எழுதி வைத்திருக்கிறார், நாளைக்கு நீங்கள் மறுமணம் செய்துகொண்டால் எங்கள் குடும்பச் சொத்து வேறு வீட்டுக்குப் போய்விடும்” என்று சொல்லி, எனக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து, சொத்தில் உள்ள பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார் கொழுந்தனார். பதிலுக்கு 5 லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்கிறார். அதுவரை என் அம்மா வீட்டில் போய் இருக்கும்படியும் சொல்கிறார்கள். நாங்கள் இந்துக்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிலை முழுவதும் படித்து, ஒரு வழக்கறிஞரையும் நேரில் பார்க்கும் வரை, விடுதலைப் பத்திரம் மட்டுமல்ல, எழுதப்படாத முத்திரைத்தாள், வெற்றுத்தாள், ‘சும்மா ஒரு சம்மதக் கடிதம்’ என எதிலும் கையெழுத்திட வேண்டாம். உங்கள் கணவரின் சொத்தில் உங்களுக்கு உள்ள பங்கு, இனிமேல் யாரோ மனமுவந்து தர வேண்டிய ஒன்றன்று. அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவர் இறந்த அந்தக் கணமே அந்தப் பங்கு சட்டப்படி உங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பட்டா மாறாததாலோ, நாமினியாக வேறொருவர் பெயர் இருப்பதாலோ அது போய்விடாது. நீங்களே எழுதிக் கொடுத்தால்தான் போகும். அதனால்தான் கொழுந்தனார் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு உங்கள் கையெழுத்தைக் கேட்கிறார்.

உயில் இல்லாமல் இறந்த இந்து ஆணின் சொத்து யாருக்கு என்பதை 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 8ஆம் பிரிவிலும் அதன் அட்டவணையிலும் வரையறுத்திருக்கிறது. மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். இவர்களில் ஒருவர் இருந்தாலும், அடுத்த வகுப்பில் வரும் தந்தை, சகோதரர், சகோதரிக்கு ஒன்றும் போகாது. 10ஆம் பிரிவின்படி மனைவிக்கு ஒரு பங்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பங்கு, தாய்க்கு ஒரு பங்கு. உங்கள் வீட்டைப் பொறுத்தவரை நான்கு பேர், நான்கு சம பங்குகள். அதாவது உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து முக்கால் பங்கு, மாமியாருக்குக் கால் பங்கு. வீட்டில் கொழுந்தனாருக்கு நேரடியாக எந்தப் பங்கும் இல்லை. வீடு கட்டும்போது குடும்பப் பணமும் போட்டோம் என்று அவர் சொல்லக்கூடும். உங்கள் கணவர் பெயரில் கிரயம் பெற்று, அவர் சம்பளத்தில் தவணை கட்டிய வீட்டைக் கூட்டுக் குடும்பச் சொத்து என்று ஒருவர் சொன்னால், அதை ஆதாரத்தோடு மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு சொல்பவருடையது. மறுக்கும் பொறுப்பு உங்களுடையதன்று.

மாமனாரின் நிலத்தைப் பற்றி நீங்கள் அதிகம் கேட்கவில்லை. அதில் உங்களுக்கு ஒன்றுமில்லை என்று நீங்களே முடிவுசெய்துவிட்டதாகத் தோன்றுகிறது. அது சரியன்று. அவர் சுயமாகச் சம்பாதித்து வாங்கிய நிலம் என்பதாலும், உயில் எழுதியதாக யாரும் சொல்லாததாலும், 1998இலேயே அது அவருடைய மனைவி, இரு மகன்கள், மகள் ஆகிய நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்காக வந்துவிட்டது. 3 ஏக்கர் என்றால் 300 சென்ட். அதில் உங்கள் கணவருடையது 75 சென்ட். அந்த 75 சென்ட் இப்போது நீங்கள், மகன், மகள், மாமியார் என்று நான்காகப் பிரிந்து, ஆளுக்கு 18¾ சென்ட் ஆகிறது. ஆக உங்கள் மூவருக்கும் 56¼ சென்ட், மாமியாருக்கு அவருடைய சொந்தப் பங்கையும் சேர்த்து 93¾ சென்ட், கொழுந்தனாருக்கு 75, நாத்தனாருக்கு 75. நாத்தனாருக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று, அவருக்கு எதற்கு நிலம் என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் இருக்கும். தந்தையின் சுயசம்பாத்தியச் சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், மகளுக்கு 1956 முதலே மகனுக்குச் சமமான பங்கு உண்டு. 1989இல் தமிழ்நாட்டிலும் 2005இல் நாடு முழுவதும் வந்த திருத்தங்கள் பூர்வீகச் சொத்தைப் பற்றியவை. பாகப்பிரிவினை என்று வந்தால் நாத்தனாரும் அதில் ஒரு தரப்பு என்பதை மறக்க வேண்டாம். அவரிடம் இப்போதே பேசிவைப்பது உங்களுக்கு நல்லது.

இனி நாமினி. எங்கள் அலுவலகத்துக்கு வரும் குடும்பச் சண்டைகளில் பாதி, இந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வருபவை. நாமினி என்பவர் வங்கியோ நிறுவனமோ பணத்தை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று காட்டப்பட்டவர். அந்தப் பணத்துக்கு உரிமையாளர் யார் என்பதை வாரிசுரிமைச் சட்டம்தான் தீர்மானிக்கும். ஆயுள் காப்பீட்டைப் பற்றி சர்பதி தேவி வழக்கில் 1984இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. நிறுவனப் பங்குகளைப் பற்றி 2023 டிசம்பரில் சக்தி யஸ்தானி வழக்கிலும் இதையே சொன்னது. ஆகவே வங்கிக் கணக்கில் இருந்த பணத்தை மாமியார் நாமினியாகப் பெற்றுக்கொண்டாலும், அதில் முக்கால் பங்குக்கு அவர் உங்கள் மூவருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியவர். ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. நாமினிக்குக் கொடுக்காதீர்கள் என்று நீங்கள் வங்கி மேலாளருக்கு எழுதும் வெறும் கடிதம் வங்கியைக் கட்டுப்படுத்தாது. அதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும். பெரிய தொகை இருந்தால் வழக்கறிஞரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். பணம் எடுத்துச் செலவான பிறகு தீர்ப்பு வாங்குவது எளிது, வசூலிப்பது கடினம்.

ஆயுள் காப்பீட்டில் மட்டும் எனக்கு அவ்வளவு உறுதி கிடையாது. காப்பீட்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு 2015இல் திருத்தப்பட்டு, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாக நியமித்தால் அவர்களே பயனுரிமை உடையவர்கள் என்ற வாசகம் சேர்க்கப்பட்டது. இதை வைத்து, பாலிசித் தொகை முழுவதும் தாய்க்கே என்று வாதிடலாம். வாரிசுகளின் பங்கை அந்தத் திருத்தம் பறித்துவிடவில்லை என்றும் வாதிடலாம். உயர் நீதிமன்றங்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. எனவே அந்தத் தொகையில் பங்கு கேட்பதை விட்டுவிடாதீர்கள், ஆனால் அது நிச்சயம் வரும் என்று நம்பிக் கடன் வாங்கவும் வேண்டாம். பாலிசிப் பத்திரத்தை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள்: திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம், 1874இன் கீழ் எடுத்தது என்று அதில் குறிப்பு இருந்தால், அந்தத் தொகை அதில் பயனாளிகளாகக் குறிப்பிட்டுள்ள மனைவி மக்களுக்கே உரியது, மற்ற வாரிசுகளுக்கு அதில் இடமில்லை. உங்கள் கணவர் திருமணத்துக்கு முன் எடுத்தது என்றால் அப்படி இருக்க வாய்ப்பில்லை. பிறகு எடுத்த பாலிசி வேறு ஏதும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இதைச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று, வருங்கால வைப்பு நிதி. நூற்பாலையில் பணியாற்றியவருக்குப் பி.எஃப். பிடித்திருப்பார்கள். அதில் சேர்ந்த தொகைக்குப் படிவம் 20, குடும்ப ஓய்வூதியத்துக்குப் படிவம் 10-டி, பணியில் இருக்கும்போதே இறந்ததற்கான காப்பீட்டுத் தொகைக்குப் படிவம் 5-ஐ.எஃப். என்று மூன்று மனுக்கள். ஏழு மாதமாகியும் ஆலையிலிருந்து யாரும் இவற்றைப் பற்றிச் சொல்லவில்லை என்றால், ஆலையின் பணியாளர் அலுவலகத்துக்கு நீங்களே நேரில் போங்கள். காப்பீட்டுத் தொகை மட்டுமே அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை இருக்கும். கொழுந்தனார் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தருவதாகச் சொல்லும் தொகையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். பி.எஃப். தொகைக்குத் திருமணத்துக்கு முன் செய்த நாமினி நியமனம் குடும்பம் அமைந்தபின் செல்லாது என்பது விதி; ஆனால் உறுப்பினரைச் சார்ந்து வாழும் பெற்றோரையும் அதே விதிகள் குடும்பம் என்கின்றன. ஆகவே அவர் கொடுத்த படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான் அதில் வாதம் செய்ய முடியும். விதவைக்கும், 25 வயது வரை இரு பிள்ளைகளுக்கும் கிடைக்கும் மாத ஓய்வூதியம் உங்கள் மூவருக்குமானது. நாமினியாக மாமியார் இருப்பது அதைத் தடுக்காது. பணிக்கொடையையும் (கிராஜுவிட்டி) சேர்த்துக் கேளுங்கள்.

“எல்லாவற்றையும் அம்மாவுக்கே எழுதி வைத்திருக்கிறார்” என்ற பேச்சைச் சற்றுக் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது உண்மையானால் மேலே சொன்ன கணக்கெல்லாம் மாறிவிடும். பலர் நினைப்பதுபோல, கணவரின் சொத்தில் மனைவிக்கு இவ்வளவு கட்டாயம் போக வேண்டும் என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் எதுவும் இல்லை. தம் சுயசம்பாத்தியத்தையும் தம் பங்கையும் ஒருவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். 30ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. அப்படி எழுதிவிட்டால், மறுமணம் செய்யாத விதவையும் மைனர் பிள்ளைகளும், இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 21, 22ஆம் பிரிவுகளின்படி, அந்தச் சொத்தைப் பெற்றவரிடமிருந்து ஜீவனாம்சம் கேட்க முடியுமே தவிர, பங்கு கேட்க முடியாது. ஆனால் உயில் என்று ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? அதில் உங்கள் கணவர் கையொப்பமிட்டிருக்க வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் சான்றொப்பமிட்டிருக்க வேண்டும். பதிவு கட்டாயமில்லை என்பதால், பதியாத உயில் என்பதற்காகவே அதைத் தள்ளிவிட முடியாது; அதே சமயம், மனைவியையும் இரண்டு சிறு பிள்ளைகளையும் அறவே விட்டுவிட்டு எழுதப்பட்ட உயில் என்றால், அதைக் காட்டுபவர்தான் நீதிமன்றத்தின் சந்தேகங்களைத் தீர்க்க வேண்டும். நாற்பது வயதை ஒட்டிய, நோயில் கிடக்காத ஒருவர் உயில் எழுதியிருப்பது அரிது என்பது என் எண்ணம். உயில் இருந்தால் நகல் தரும்படி ஒரு வழக்கறிஞர் மூலம் எழுத்தில் கேளுங்கள். கையில் உயில் இருப்பவர் அதைக் காட்டிவிட்டுப் போகலாமே, உங்களிடம் விடுதலைப் பத்திரம் கேட்டு 5 லட்சம் ஏன் தர வேண்டும்?

மறுமணத்தைப் பற்றிச் சொன்னது சட்டப்படி பிழை. அந்த அச்சம் எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் எனக்குப் புரிகிறது. 1856இன் விதவைகள் மறுமணச் சட்டம், மறுமணத்தை அனுமதித்த அதே மூச்சில், மறுமணம் செய்துகொண்ட பெண்ணுக்கு முதல் கணவர் சொத்தில் இருந்த உரிமையையும் எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் விதவைக்கு இருந்ததே ஆயுட்கால அனுபவ உரிமைதான்; விற்கவோ எழுதிவைக்கவோ பெரும்பாலும் முடியாது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, பெண் வாரிசாகப் பெறும் சொத்தை அவருடைய முழு உரிமைச் சொத்து ஆக்கிவிட்டது. 1856ஆம் ஆண்டுச் சட்டமே 1983இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் ஊர்ப் பஞ்சாயத்தில் அந்தப் பழைய சட்டம் இன்னும் உயிரோடு உலவுகிறது. நீங்கள் நாளை மறுமணம் செய்துகொண்டாலும், உங்களுக்கு வந்துவிட்ட கால் பங்கு உங்களுடையதே. பிள்ளைகளின் பங்கு பிள்ளைகளுடையதே. உயில் இல்லாத நிலையில், மறுமணத்தால் நிற்கக்கூடியது நான் முன்னே சொன்ன பி.எஃப். விதவை ஓய்வூதியம் மட்டும்தான். அதுவும் நின்றால், பிள்ளைகளுக்கான தொகை கூடும்.

விடுதலைப் பத்திரத்தில் பிள்ளைகளுக்கும் சேர்த்து நீங்கள் கையெழுத்திட வேண்டும் என்று கேட்கிறார்கள் அல்லவா, அங்கேதான் கொழுந்தனாரின் திட்டமே தடுக்கி விழுகிறது. தந்தைக்குப் பிறகு நீங்கள்தான் அவர்களின் இயற்கைப் பாதுகாவலர். ஆனால் 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம், 8ஆம் பிரிவின்படி, மைனருடைய அசையாச் சொத்தை விற்கவோ விட்டுக்கொடுக்கவோ தாய்க்கும் நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். அது பிள்ளைகளின் நன்மைக்கே என்று நீதிபதி ஏற்றால்தான் அனுமதி கிடைக்கும். அனுமதி இல்லாமல் நீங்கள் எழுதிக் கொடுத்தால், பிள்ளைகள் 18 வயது நிரம்பியபின் மூன்று ஆண்டுகளுக்குள் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லி வழக்குத் தொடரலாம். விவரம் தெரிந்த யாரும் அத்தகைய பத்திரத்தை நம்பி வாங்க மாட்டார்கள். வங்கியும் அதன்மேல் கடன் தராது. உங்களுக்கு வீட்டில் நேருக்கு நேர் மறுத்துப் பேசச் சங்கடம் இருந்தால், “பிள்ளைகள் பங்குக்கு கோர்ட் அனுமதி வேண்டுமாம், நான் தனியாகக் கையெழுத்துப் போட முடியாதாம்” என்று சொல்லிவிடுங்கள். பொய்யில்லாத பதில், யார் மனமும் அதிகம் நோகாத பதில்.

அம்மா வீட்டுக்குப் போவது பற்றி. துக்கத்தில் இருப்பவர் பிறந்த வீட்டில் சில நாள் இருந்துவிட்டு வருவதில் தவறில்லை. ஆனால் உங்கள் பொருள்களையும் பிள்ளைகளின் பள்ளியையும் மாற்றிக்கொண்டு போய்விடாதீர்கள். வீட்டுச் சாவி ஒன்று உங்களிடமே இருக்கட்டும். வீட்டு வரியையும் மின்கட்டணத்தையும் நீங்களே கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பாகப்பிரிவினை வழக்கு என்று வந்தால், சொத்தைக் கூட்டு அனுபவத்தில், அதாவது மற்ற வாரிசுகளோடு சேர்ந்து தம் வசத்தில், வைத்திருப்பவர் சிறியதொரு நிலையான நீதிமன்றக் கட்டணத்தோடு வழக்குத் தொடரலாம். அனுபவத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் தம் பங்கின் மதிப்புக்கு ஏற்பக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் இந்த வேறுபாடு பணத்தில் பெரியது. வீட்டுக் கடன் பாக்கி இருந்தால், கடனோடு காப்பீடு ஏதும் எடுக்கப்பட்டிருந்ததா என்று வங்கியில் கேளுங்கள். இருந்தால் அதுவே கடனை அடைக்கும். இல்லாவிட்டால் கடன் வீட்டின் மேல் நிற்கும். நீங்கள் இணைக் கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்திடாதவரை, உங்கள் சொந்த நகையையோ சம்பாத்தியத்தையோ அந்தக் கடனுக்காக வங்கி தொட முடியாது.

மாமியாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் அவர்மேல் கோபம் தெரிகிறது. அவர் மகனை இழந்தவர். அவருடைய கால் பங்கும் உங்கள் கால் பங்கைப் போலவே சட்டம் தந்தது. அதை இல்லையென்று ஆக்க முயல வேண்டாம். வாரிசுச் சான்றிதழில் அவர் பெயரை விட்டுவிட்டு மனுக் கொடுக்கும்படி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அவர் தம் பங்கை மட்டும் இளைய மகனுக்கு எழுதிக் கொடுக்கலாம். அதைத் தடுக்க உங்களால் முடியாது. எதுவும் எழுதாமல் அவர் காலமானால், அவர் பங்கு கொழுந்தனாருக்கும் நாத்தனாருக்கும், இறந்த மகனின் கிளை என்ற வகையில் உங்கள் பிள்ளைகளுக்கும் மூன்றாகப் பிரியும். அதில் மருமகளான உங்களுக்குப் பங்கு வராது. எனக்குத் தோன்றும் சமரச வழி ஒன்று உண்டு. மாமியார் வீட்டில் தமக்குள்ள கால் பங்கை உங்களுக்கோ பிள்ளைகளுக்கோ விடுதலை செய்து, ஆயுள் முழுவதும் அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையை வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஈடாக நிலத்தில் உங்களுக்கு மட்டும் உரிய 18¾ சென்ட்டை நீங்கள் அவருக்கு விட்டுக்கொடுக்கலாம். வீட்டின் கால் பங்குக்கும் அந்த நிலத்துக்கும் மதிப்பில் வித்தியாசம் இருந்தால் பணத்தால் ஈடுசெய்யலாம். பிள்ளைகளின் நிலப் பங்கை இதில் சேர்க்காதீர்கள். எந்த ஏற்பாடாக இருந்தாலும் பதிவு செய்யப்பட்ட பத்திரமாக இருக்க வேண்டும். பெரியவர்கள் முன்னிலையில் எழுதிக்கொண்ட பேச்சுவார்த்தைத் தாள் போதாது.

அலுவலக வேலைகளில் முதலாவது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியருக்கு மனுச் செய்யுங்கள். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிப்பார்கள். இறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் கணவர் பெயரின் எழுத்துகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று முதலிலேயே பாருங்கள். ஓர் எழுத்து வேறுபாட்டுக்காக மாதக்கணக்கில் மனு கிடப்பதுண்டு. கொழுந்தனார் ஆட்சேபம் தெரிவித்தால் வட்டாட்சியர் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லக்கூடும். அதனால் உங்கள் பங்கு குறையாது, தாமதம் மட்டும்தான். வீட்டுக்கும் நிலத்துக்கும் வில்லங்கச் சான்று எடுத்துவைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை பதிவுத்துறை இணையதளத்தில் புதிய பதிவு ஏதும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ, உங்கள் வட்ட நீதிமன்றத்தில் உள்ள குழுவிலோ மனுக் கொடுத்தால் வழக்கறிஞரை நியமிப்பார்கள். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். போகும்போது இறப்புச் சான்றிதழ், வீட்டுக் கிரயப் பத்திரத்தின் நகல், கடன் கணக்கு விவரம், மாமனார் நிலத்தின் பத்திரம் அல்லது பட்டா நகல், பாலிசி எண், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், உங்கள் திருமணப் பதிவுச் சான்றோ பத்திரிகையோ ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கொழுந்தனார் தயாரித்து வைத்திருக்கும் விடுதலைப் பத்திரத்தின் வரைவு கிடைத்தால் அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டையும் நிலத்தையும் தவிர வேறு எதையெல்லாம் அதில் எழுதியிருக்கிறார் என்று பார்த்தால், உங்களுக்குத் தெரியாத சொத்து ஏதேனும் இருப்பதும் சில சமயம் அங்கேதான் தெரியவரும்.